நாய்க்கு நாய் அறிமுகம்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

என் செவலையின் இடது காதில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. அது சண்டைக்கார நாய் இல்லை. நண்பர் ஒருவர் தன் நாயோடு வந்திருந்தார். நான் கதவைத் திறந்து, லீஷைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "வா, வந்து பாரு" என்று செவலையை முன்னால் இழுத்தேன். அவரும் அதையே செய்தார். மூக்கும் மூக்கும் முட்டின. அதுவரை நாக்குத் தொங்கத் திறந்திருந்த இரண்டு வாய்களும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. வால் ஆடுகிறதே என்று சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்று நொடியில் காது கிழிந்துவிட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ நாய்களைச் சேர்த்துப் பழக்கியிருக்கிறேன். சண்டையில் முடிந்த சந்திப்புகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது மனிதர்களின் அவசரம். முதல் நாளே விளையாடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முதல் சந்திப்பில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, "சரி, இது ஒரு நாய்" என்று புல்லை முகரப் போனால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கீழே ஒவ்வொரு சிக்கலையும் அதன் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் நாய் செய்வது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் இதைச் சரிபாருங்கள்

இரண்டு நாய்க்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எதற்காவது நொண்டல், காதுவலி, வயிற்றுப்போக்கு, இருமல் இருந்தால் இன்று வேண்டாம். பெட்டை ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருந்தால் அது முடியும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், தள்ளிப்போடுங்கள். இடம் இரண்டுக்கும் சொந்தமில்லாத திறந்தவெளியாக இருக்கட்டும். வாசல், கேட், மாடிப்படி போன்ற குறுகலான இடங்கள் கூடவே கூடாது. ஒரு நாய்க்கு ஒரு ஆள். பந்து, எலும்பு, சாப்பாட்டுத் தட்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. லீஷ் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண லீஷ் போதும். தானாகச் சுருளும் லீஷ் வேண்டாம். அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும், சிக்கினால் கையையும் காலையும் அறுத்துவிடும்.

பிறகு சேர்ந்து நடப்பது. சுமார் 15 மீட்டர் இடைவெளியில், இரண்டு நாயும் ஒரே திசையில், ஆட்கள் நடுவிலும் நாய்கள் வெளிப்பக்கமுமாக நடங்கள். எதிரும் புதிருமாக நடத்திக் கொண்டுவர வேண்டாம். இரண்டும் தளர்ந்து நடக்கிறது என்று தெரிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். நடுவில் இடம் மாற்றி, முன்னால் போன நாய் சிறுநீர் விட்ட இடத்தைப் பின்னால் வருவது நிதானமாக முகரட்டும். எதிரே இருப்பது ஆணா பெட்டையா, ஹீட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே அதற்குத் தெரிந்துவிடும். நேருக்கு நேர் நிற்க வேண்டிய அவசியமே வராது. இருபது நிமிடம் இப்படி நடந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: தூரத்தில் பார்த்ததுமே குரைத்துத் திமிறுகிறது

முதலில் லீஷைப் பாருங்கள். விறைப்பாக இழுபட்டிருக்கிறதா? லீஷை இழுக்கும்போது நாயின் தலை மேலே தூக்கிக்கொள்ளும், நெஞ்சு முன்னால் தள்ளும், எடை முழுவதும் முன்னங்காலுக்கு வரும். எதிரே வரும் நாய்க்கு அது பாயப்போகிற தோரணை. நம் நாய்க்கோ விலகிப் போகும் வழி அடைபட்டுவிட்டது. விலக முடியாத நாய்க்குச் சத்தம் போட்டு விரட்டுவதைத் தவிர வேறு என்ன மிச்சம்?

ஆகவே இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு தூரம் என்பதை உங்கள் நாயே சொல்லும். அந்த நாயைப் பார்த்தபடியும் உங்கள் கையிலிருக்கும் ட்ரீட்டை வாங்கித் தின்ன முடிகிறதென்றால் அதுதான் சரியான தூரம். வழக்கமாகப் பறித்துத் தின்கிற நாய் மூக்கைக்கூடத் திருப்பவில்லை என்றால், அல்லது விரலோடு சேர்த்துக் கவ்வுகிறதென்றால், இன்னும் பின்னால் போக வேண்டும். 15 மீட்டர் என்றேன். சில நாய்க்கு 50 மீட்டர் தேவைப்படும். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு, எதிர் நாயை உங்கள் நாய் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ட்ரீட். பார்த்தது, கிடைத்தது, பார்த்தது, கிடைத்தது. சில நாட்களில் அது எதிர் நாயைப் பார்த்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். நெருங்குவதற்கான அனுமதி அதுதான். அதற்கு முன் ஒரு அடிகூடக் குறைக்காதீர்கள்.

கேட்டுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நின்று குரைத்துக்கொள்வதும் இதே வகைதான். "கேட் வழியாகவே பழகட்டும்" என்று தினமும் விட்டால், அந்த நாயைப் பார்த்தாலே ஆத்திரப்பட வேண்டும் என்றுதான் அது பழகும். பார்வை மறையும்படி கேட்டை மூடிவையுங்கள்.

அறிகுறி: முகரும்போது திடீரென்று உடம்பு விறைக்கிறது

நல்ல அறிமுகம் வளைந்து வரும். நாய் நேர்க்கோட்டில் வராமல் அரைவட்டமாகச் சுற்றி வந்து, பின்பக்கத்தை முகர்ந்து, விலகும். உடம்பு தளர்ந்து நெளியும். கெட்டதற்கு அறிகுறி அசைவு நிற்பது. வாய் மூடும், கழுத்து கல்லாகும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், ஒரு நாயின் தலை மற்றதன் தோளுக்கு மேல் ஏறும். அல்லது ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும்.

பிடரி மயிர் சிலிர்ப்பதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நமக்குப் புல்லரிப்பது போல அது தன்னிச்சையாக நடப்பது. உற்சாகத்திலும் சிலிர்க்கும், பயத்திலும் சிலிர்க்கும்.

வால் ஆடுவதை மட்டும் நம்பவும் வேண்டாம். 2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வளர்ப்பவரைப் பார்க்கும் நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், தெரியாத ஓங்கிய தோரணையுள்ள நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியது. வாலாட்டலில் ஒரே அர்த்தம் இல்லை என்பதற்கு இது போதும். வெளியிடத்தில் நின்று வலமா இடமா என்று நம்மால் அளக்க முடியாது. நமக்குப் பயன்படுவது உயரமும் தளர்ச்சியும். இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடினால் சரி. கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் உடனே பிரியுங்கள்.

பிரிப்பது எப்படி? லீஷைச் சுண்டி இழுத்தால் நீங்கள் தவிர்க்க நினைக்கிற கடியை நீங்களே தூண்டிவிடுவீர்கள். குரலைக் குழையவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நீங்கள் நடக்கத் தொடங்குங்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், எதிரெதிர்த் திசையில். இதற்குத்தான் மூன்று நொடிக் கணக்கு: முதல் சில சந்திப்புகளில் விறைத்தாலும் விறைக்காவிட்டாலும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கூப்பிட்டுவிடுங்கள். நடந்து வந்து மறுபடி மூன்று நொடி. நன்றாகப் போகும்போதே பிரித்துப் பழகிய நாய், நெருக்கடியில் கூப்பிட்டாலும் வரும்.

லீஷ் தரையைத் தொடும் அளவுக்குத் தளர்ந்திருக்கட்டும். நாய்கள் சுற்றும்போது நீங்களும் சுற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு லீஷும் முறுக்கிக்கொள்ளும்.

அறிகுறி: உறுமுகிறது

இங்கேதான் அநேகர் தவறுகிறார்கள். உறுமியதும் "ச்சீ, கெட்ட நாய்" என்று ஒரு தட்டு. உறுமல் என்பது "எனக்கு இது பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்று நாய் வாய்விட்டுச் சொல்வது. அதை அடித்து அடக்கினால் பிடிக்காமை போய்விடாது, சொல்வது மட்டும் நின்றுபோகும். பிறகு ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் பலவும் ஒரு காலத்தில் உறுமிய நாய்கள்தான்.

உறுமினால் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். மூலையில் மாட்டிக்கொண்டதா? உங்கள் காலடியில் நின்று உறுமுகிறதா? அப்படியென்றால் அது உங்களைத்தான் காவல் காக்கிறது. நீங்கள் நகர்ந்தால் பெரும்பாலும் பிரச்சினையும் நகரும். ட்ரீட் பையைத் திறந்தபோது உறுமியதா? இரண்டு நாய்க்கும் நடுவில் கையை நீட்டிப் பரிமாறாதீர்கள். ஒன்றைத் தள்ளி நிறுத்தி, தனித்தனியாகக் கொடுங்கள்.

அறிகுறி: விளையாட்டா சண்டையா என்று தெரியவில்லை

நன்றாக விளையாடும் இரண்டு நாய்களைப் புதிதாகப் பார்ப்பவர் சண்டை என்றே நினைப்பார். பல் தெரியும், உறுமும், கழுத்தைக் கவ்வும், கீழே தள்ளும். நிதானமாகப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

முன்னங்கால் இரண்டையும் முழங்கைவரை தரையில் மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக் குனிகிறதா? "இனி நான் செய்வதெல்லாம் விளையாட்டு" என்று அர்த்தம். கடி கொஞ்சம் பலமாகப் பட்டதும் ஒரு நொடி நிறுத்தி மறுபடி குனிவதையும் பார்க்கலாம், விளையாட்டுத்தான் என்று திரும்பவும் உறுதிசொல்வது போல. வாய் அகலமாக, தளர்வாகத் திறந்திருக்கும். துரத்தியது துரத்தப்படும், மேலே இருந்தது கீழே போகும். இது சரிபாதியாக நடக்கவேண்டும் என்பதில்லை. சில நாய்க்குத் துரத்தப்படுவதுதான் பிடிக்கும். பலசாலி நாய் வேண்டுமென்றே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். என் செவலை ஒரு சின்னக் குட்டியோடு விளையாடும்போது மல்லாக்கப் படுத்துக்கொண்டு, குட்டி தன் கன்னத் தோலைப் பிடித்து இழுக்க, தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். எழுந்தால் ஒரு தட்டில் குட்டி உருண்டுவிடும் என்று அதற்குத் தெரியும். அதனால்தான் எழுவதில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

எல்லாவற்றையும் விட முக்கியம், நடுநடுவே நிற்பது. இரண்டும் நின்று, மூச்சு வாங்கி, தரையை முகர்ந்து, உடம்பை உதறிக்கொண்டு மறுபடி தொடங்கும். நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய், சத்தம் அடங்கி, உடம்பு இறுகினால் விளையாட்டு கைமீறுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. மேலே இருக்கும் நாயை, அல்லது துரத்தும் நாயை, ஹார்னஸை (மார்புப் பட்டையை) பிடித்து மெதுவாக நிறுத்துங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். அது திரும்பி வந்து இதன் முகத்தை இடித்தால், அதற்கு விளையாட்டு வேண்டும். விடுங்கள். விலகிப் போனால், உங்கள் பின்னால் ஒளிந்தால், வாலை இடுக்கிக்கொண்டால், இவ்வளவு நேரம் ஒன்றுதான் விளையாடியிருக்கிறது, மற்றது தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு அத்தோடு போதும்.

முதல் விளையாட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் இருந்தால் நிறைவு. களைத்த பிறகுதான் கோபம் வரும், குழந்தைகளைப் போலவே. மூன்றாவது நாய் ஒன்று சேரும்போது இன்னும் உஷாராக இருங்கள். இரண்டு சேர்ந்து ஒன்றைத் துரத்த ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

அறிகுறி: விடாமல் மேலே ஏறுகிறது

பலரும் இதைக் காமம் என்றோ ஆதிக்கம் என்றோ நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அடக்க முடியாத பரபரப்பு. கருத்தடை செய்த ஆண் நாயும் செய்யும், பெட்டையும் செய்யும். கூப்பிட்டு, இரண்டு நிமிடம் நடத்திவிட்டு விடுங்கள். மூன்றாவது தடவையும் அதையே செய்தால் அன்றைய விளையாட்டு முடிந்தது.

அறிகுறி: ஒன்று உங்கள் காலுக்குள் ஒளிகிறது

தூக்கி மற்ற நாயின் முன்னால் நிறுத்தாதீர்கள். "பயம் தெளியட்டும்" என்று கூட்டத்தில் விடவும் வேண்டாம். அந்த நாய்க்கும் மற்றதுக்கும் நடுவில் நீங்கள் போய் நில்லுங்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது எல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்பதன் அடையாளங்கள். உங்கள் நாய் உங்களை நம்பி வந்து நிற்கிறது. அந்த நம்பிக்கையை நீங்கள் காப்பாற்றினால்தான் அடுத்த தடவை அது ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கும்.

அறிகுறி: குட்டி பெரிய நாயை விடாமல் தொல்லை செய்கிறது

குட்டிகள் மற்ற நாய்களோடு பழகக் கற்கும் முக்கியமான காலம் சுமார் 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை. தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும். இரண்டும் மோதுவதால், அந்த இடைப்பட்ட காலத்தில் ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட, குட்டிகளைப் பொறுத்துக்கொள்ளும் நாய்களோடு மட்டும் சுத்தமான இடத்தில் பழகவிடுங்கள்.

பெரிய நாய் ஒரு உறுமல், காற்றில் ஒரு கவ்வல், காயமில்லாமல் ஒரு அதட்டல் கொடுத்தால் அது பாடம். குட்டி பின்வாங்கினால் தலையிட வேண்டாம். பின்வாங்காமல் மறுபடி மறுபடி போனால் குட்டியைத்தான் எடுத்துவிட வேண்டும். வயதான நாய்க்கு மூட்டுவலி இருக்கலாம், குட்டி ஏறிக் குதிப்பது அதற்கு உண்மையிலேயே வலிக்கும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்க வேண்டியது. அடங்காத குட்டி பல நேரம் தூக்கம் கெட்ட குட்டி.

அறிகுறி: பெரிய நாய், சின்ன நாய்

பகையே இல்லாமல் விபத்து நடக்கும் சேர்க்கை இது. சின்ன நாய் கீச்சென்று கத்தி ஓடும்போது, அதுவரை விளையாடிய பெரிய நாய்க்கு அது ஒரு நொடியில் இரையாகத் தோன்றிவிடலாம். கவ்வித் தூக்கி ஒரு உதறு உதறினால் போதும், முதுகெலும்பு போய்விடும். எடை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் துரத்தும் விளையாட்டை அனுமதிக்காதீர்கள், கண்ணையும் எடுக்காதீர்கள். சேர்ந்து நடப்பதும் முகர்வதும் போதும்.

அறிகுறி: வெளியே சிநேகம், வீட்டுக்குள் சண்டை

வீட்டுக்குள் காக்க வேண்டிய பொருட்கள் இருக்கின்றன: தட்டு, படுக்கை, சோபா, கதவோரம், நீங்கள். வெளியே நடந்துவிட்டு, புது நாயை முதலில் உள்ளே விட்டு, பழைய நாயைப் பின்னால் கூட்டி வாருங்கள். புதியது உள்ளே நிற்பதை அது பார்த்துக்கொண்டே நுழையும். வாசலில் வழிமறிப்பது பெரும்பாலும் குறையும். சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. தண்ணீர் இரண்டு இடத்தில். நீங்கள் வீட்டில் இல்லாதபோது இரண்டும் தனித்தனியே இருக்கட்டும். இதைச் சில வாரம் செய்ய வேண்டியிருக்கும், நாட்கணக்கில் முடியாது.

அறிகுறி: நேற்றுவரை சேர்ந்திருந்தவை இன்று சண்டை

முதலில் கால்நடை மருத்துவர். காதில் சீழ், பல்வலி, இடுப்புவலி என்று உடம்பில் ஏதோ ஒன்று பல நேரம் காரணமாக இருக்கும். உடம்பில் குறையில்லை என்றால் வயதைப் பாருங்கள். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் நாயின் சுபாவம் முதிரும். குட்டியில் எல்லாரோடும் விளையாடிய நாய்க்கு இப்போது நாலு நண்பர்கள் போதும் என்று தோன்றலாம். அதை மாற்றத் தேவையில்லை.

அவசரம்: கழுத்துப்பட்டையில் தாடை மாட்டிக்கொண்டது

கழுத்தைக் கவ்வி விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் கழுத்துப்பட்டைக்குள் நுழைந்து, பயந்து உருள, பட்டை முறுக்கி இறுகும். ஒன்று மூச்சுத்திணறும், மற்றது வாயை எடுக்க முடியாமல் கதறும். இழுத்துப் பிரிக்காதீர்கள், இன்னும் இறுகும். இரண்டையும் நெருக்கிப் பிடித்து முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்புங்கள், முடியாவிட்டால் பட்டையை அறுங்கள். வராமல் தடுப்பது சுலபம்: லீஷ் இல்லாமல் விளையாடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், அல்லது இழுத்தால் தானே பிரியும் பட்டையைப் போடுங்கள். இறுகும் சங்கிலியோடு எந்த நாயையும் விளையாட விடாதீர்கள்.

அவசரம்: சண்டை மூண்டுவிட்டது

கையை நடுவில் விடாதீர்கள். கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகிறவர் கையில்தான் கடி விழும். முதலில் பலத்த சத்தம், முகத்தில் தண்ணீர். அதற்கும் மசியவில்லை என்றால் மேலே போர்வையை வீசுங்கள், நடுவில் பலகையோ நாற்காலியோ நுழையுங்கள். கடைசி வழி, இரண்டு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு நாயின் பின்னங்கால்களைத் தொடை அருகே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டி இழுப்பது போல வளைந்து பின்னால் நடப்பது. ஒன்று கவ்விப் பிடித்து விடாமல் இருந்தால் இழுக்கக் கூடாது, சதை கிழியும்.

செவலை கடிபட்ட அன்று பெரியவர் ஒருவர், "விடுப்பா, ரெண்டும் அடிச்சுக்கிட்டு யாரு பெரியவன்னு முடிவு பண்ணிக்கட்டும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்த எண்ணம் பரவியதற்கு 1947ல் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்து வளர்த்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு ஒரு காரணம். காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு கவனித்த டேவிட் மெக், 1999ல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று காட்டினார். அதில் சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் கதை இல்லை. அடித்துக்கொண்ட நாய்கள் எதையும் முடிவு செய்வதில்லை. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அடித்துக்கொள்ளக் கற்கின்றன.

பிரித்ததும் இரண்டையும் பார்வை படாமல் தனியே வைத்து, மயிரை விலக்கிக் கழுத்து, அக்குள், வயிறு, கால் எல்லாம் தடவிப் பாருங்கள். பல் இறங்கிய துளை வெளியே கடுகளவு இருக்கும், உள்ளே தோல் சதையிலிருந்து பெயர்ந்திருக்கும். எந்தத் துளையாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்குக் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சண்டை போட்ட நாய்க்கு இரண்டு மூன்று நாளாவது வேறு நாய் வேண்டாம், படபடப்பு அடங்கட்டும். பிறகு சேர்க்க விரும்பினால் மறுபடி 15 மீட்டரிலிருந்து, சேர்ந்து நடப்பதிலிருந்து. செவலையும் நண்பரின் நாயும் ஆறு நாள் அப்படி நடந்தன. ஏழாவது நாள் இரண்டும் ஒரே புதரை முகர்ந்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. அவை இன்றுவரை விளையாடியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். துளை ஆழமாக விழுந்திருந்தால், அல்லது காரணமே தெரியாமல் இரண்டாவது தடவையும் நடந்தால், நீங்களே முயன்று பார்க்க வேண்டாம். நாயின் நடத்தையில் பயிற்சி பெற்றவர் நேரில் பார்க்கும்வரை இரண்டுக்கும் நடுவில் ஒரு மூடிய கதவு இருக்கட்டும்.